கடைசிப் பத்தி உனக்கு மட்டும்

பெல்டனில் கடிதம் எழுதுகிறவனுக்குச் செலவில்லை. வாங்குகிறவன் தலையில்தான் விடியும். ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஓஹையோவின் இந்தக் கோடிக்கு ஒரு தாள் வந்து சேர இருபத்தைந்து சென்ட். உள்ளே இரண்டு தாள் இருந்தால் ஐம்பது. அரை நாள் கோடரி பிடித்தால்தான் அந்த இருபத்தைந்து கைக்கு வரும் என்பதால், ஊரில் பலரும் தங்கள் பெயருக்கு வந்த கடிதத்தை தபால் ஆபீஸாகவும் இருக்கும் ஓபெட் கிரிண்டிலின் விடுதி அலமாரியிலேயே கிடக்க விட்டுவிட்டு, யாரும் சாகவில்லை என்று தாங்களாகவே முடிவு செய்துகொண்டு போய்விடுவார்கள். முகம் சுளிக்காமல் காசை எடுத்து வைக்கிற ஒரே ஆள் வக்கீல் ரூஃபஸ் டில்லார்ட்.

அதனாலேயே அவருக்கு வரும் கடிதம் ஊருக்கே வந்த மாதிரி. வியாழக்கிழமை தபால் குதிரை வந்து நின்றதும் ஓபெட்டின் விடுதியில் கூட்டம் கூடிவிடும். ரூஃபஸ் அடுப்புக்குப் பக்கத்தில் முதுகைக் கொடுத்து நின்று, முத்திரையை உடைத்து, சத்தமாக வாசிப்பார். நல்ல குரல். பருத்தி விலையும் மாவு விலையும்கூட அவர் வாயில் வந்தால் பிரசங்கம் மாதிரி இருக்கும். கொல்லன் ஹைரம் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஓடி வருவான்.

கடிதங்களை எழுதியவன் ஆம்ப்ரோஸ் விட்லாக். ஃபிலடெல்ஃபியாவில் வக்கீல். இருவரும் இளவயதில் ஒரே கிழவரிடம் சட்டம் படித்தவர்கள். பகலெல்லாம் பத்திரங்களைப் படி எடுத்து, இரவில் ஒரே கட்டிலில் ஒரே கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தவர்கள். மஞ்சள் காய்ச்சல் வந்து வீட்டுக்காரியே ரூஃபஸை விட்டுவிட்டு ஓடியபோது, வாயில் கஞ்சி ஊற்றியவன் ஆம்ப்ரோஸ். பிறகு ரூஃபஸ் மேற்கே வந்தார், கல்யாணம் செய்தார், தலைப்பிள்ளைக்கு ஆம்ப்ரோஸ் என்றே பெயர் வைத்தார். தன் மனைவி ஃபீபியிடம் சொல்லாததைக்கூட அவனுக்கு எழுதுவார். பதினாறு வருஷமாக இப்படி.

கடிதத்தில் ஒரு பழக்கம் உண்டு. கடைசிப் பத்திக்கு முன்னால் ஆம்ப்ரோஸ் ஒரு கோடு இழுத்து, 'இனி வருவது உனக்கு மட்டும்' என்று எழுதுவான். ரூஃபஸ் அந்தக் கோட்டுக்கு வந்ததும், மூச்சு வாங்காமல், "இப்படிக்கு அன்புள்ள ஆம்ப்ரோஸ்" என்று தாவிவிடுவார். கேட்பவர்களுக்கு அங்கே ஒரு பள்ளம் இருப்பதே தெரியாது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஆயிரத்து எண்ணூற்றுப் பத்தொன்பது அது. அந்த வருஷம் வசந்தம் வருவதற்குள்ளேயே வங்கிகள் விழ ஆரம்பித்துவிட்டன. நோட்டு அச்சடிக்கிற உரிமையை வைத்துக்கொண்டு ஊருக்கு ஊர் வங்கி திறந்திருந்தார்கள். கிழக்கே பெரிய வங்கிகள் நோட்டுக்கு ஈடான வெள்ளி எங்கே என்று கேட்டதும் எல்லாரும் கையை விரித்தார்கள். பெல்டன் விவசாயிகள் வங்கிக்கு வக்கீல் நம் ரூஃபஸ்தான். மார்ச்சில் ஒரு வழக்கு விஷயமாகப் பெட்டக அறைக்குள் போனவர், கேஷியர் திறந்து காட்டிய வெள்ளிப் பீப்பாய்களைப் பார்த்துத் திகைத்துப் போனார். ஊர் முழுக்க நாற்பதாயிரம் டாலருக்கு நோட்டு ஓடுகிறது. உள்ளே இருந்த வெள்ளி நாலாயிரத்து இருநூறு.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. நேராக உட்கார்ந்து ஆம்ப்ரோஸுக்கு எழுதினார். பார்த்ததைப் பார்த்தபடியே, தொகையோடு எழுதினார். 'ஊர்க்காரர்களிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் வங்கி மறுநாளே மூடிவிடும். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்.'

பதில் ஏப்ரலில் வந்தது. விடுதியில் காலுக்கு இடமில்லை.

"'பெல்டன் நோட்டை இங்கே வணிகர்கள் மறுபேச்சில்லாமல் முழு விலைக்கு வாங்குகிறார்கள்'" என்று ரூஃபஸ் வாசித்தார். "'கெண்டக்கி நோட்டென்றால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறவர்கள்கூட, பெல்டன் என்றால் சரி என்கிறார்கள். உங்கள் ஊர்க்காரர்கள் பதறாமல் இருந்தால் போதும்; பதற்றம்தான் வங்கியைக் கொல்லும், கடன் அல்ல.'"

"கேட்டியா?" என்று ஹைரம் பக்கத்திலிருந்தவனை இடித்தான். "எங்க மாமனார் என் பெட்டியில இருக்கற நோட்டெல்லாம் குப்பைன்னு சொன்னாரு. அந்தாளு மூஞ்சிதான் குப்பை."

கோட்டுக்குக் கீழே எழுதியிருந்ததை ரூஃபஸ் கண்ணால் மட்டும் படித்தார். 'நீ பார்த்ததை யாரிடமும் சொல்லாதே. டிசம்பரில் பன்றி அறுத்து ஆற்றில் அனுப்பியதும் வெள்ளி தானாக வரும். அதுவரை வாயைத் திறக்காமல் இருப்பதுதான் உன் ஊருக்கு நீ செய்யும் உபகாரம். பெட்டகத்தில் ஏறுவதும் இறங்குவதும் மாதாமாதம் எனக்கு எழுது. ஆபத்து நெருங்கினால் முதலில் உனக்குச் சொல்கிறேன்.' மனசிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. யோசிக்கிற வேலையை ஆம்ப்ரோஸ் எடுத்துக்கொண்டான், இனி நமக்கென்ன என்றிருந்தது.

கூட்டம் கலைந்தபின் தபித்தா ரோலின்ஸ் வந்து எதிரே நின்றாள். கணவன் ஆற்றுப்படகில் மாவு ஏற்றிக்கொண்டு நியூ ஆர்லியன்ஸ் போனவன், திரும்பவில்லை. காய்ச்சலில் போய்விட்டான் என்று கூடப் போனவன் வந்து சொன்னான். நூற்றறுபது ஏக்கர். அரசாங்கத்திடம் நாலு தவணையில் வாங்கியது, மூன்று கட்டியாகிவிட்டது. கடைசித் தவணை செப்டம்பரில். தவறினால் நிலமும் போகும், கட்டியதும் போகும். அவள் பன்றி வளர்த்து, சணல் துணி நெய்து சேர்த்ததையெல்லாம் கைக்குட்டையில் முடிந்து கொண்டு வந்திருந்தாள். எல்லாம் பெல்டன் நோட்டு.

"வக்கீலய்யா, எனக்குப் படிக்கத் தெரியாது. அதனால ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இத இப்பவே வங்கியில குடுத்து வெள்ளியா மாத்தி வெச்சிக்கட்டுமா? நில ஆபீஸ்ல இந்த நோட்ட வாங்குவானோ மாட்டானோன்னு ரெண்டு பேரு ரெண்டு விதமா சொல்றாங்க."

 ரூஃபஸின் கண்ணில் பீப்பாய்கள் வந்து போயின. இவள் ஒருத்தி மாற்றினால் வங்கி விழாது. ஆனால் இவள் மாற்றினால் ஹைரம் மாற்றுவான், ஹைரம் மாற்றினால் ஊரே வாசலில் நிற்கும்.

"இப்பதானே வாசிச்சேன், தபித்தாம்மா. ஃபிலடெல்ஃபியாவுலயே வாங்கறான், நில ஆபீஸ்ல வாங்க மாட்டானா? பேசாம வீட்டுக்குப் போங்க. வெள்ளிய வீட்ல வெச்சா திருடனுக்குத்தான் கொண்டாட்டம்."

"நீங்க சொன்னா சரிதான்" என்று முடிச்சை மறுபடி இறுக்கிக்கொண்டு போனாள். அந்த வார்த்தை அவருக்கு அன்று இனித்தது.

மே, ஜூன், ஜூலை. மாதாமாதம் ரூஃபஸ் எழுதினார். மாதாமாதம் ஆம்ப்ரோஸ் தைரியம் சொன்னான். ஆகஸ்டில் அவன் அனுப்பிய ஆளே வந்துவிட்டான்.

பெர்சிவல் நைட் என்று பெயர். மெல்லிய கை, சுத்தமான காலர், பணிவான பேச்சு. ஆம்ப்ரோஸின் அறிமுகக் கடிதம் கொண்டு வந்திருந்தான்: 'இவனை நானாக நினைத்து நடத்து.' பிறகென்ன? ஃபீபி கோழியை அடித்து, சோள ரொட்டி சுட்டு, நல்ல தட்டுகளை எடுத்து வைத்தாள். அவன் சின்ன ஆம்ப்ரோஸை மடியில் உட்கார வைத்துக் கடிகாரத்தைக் காட்டினான்.

"விட்லாக் சார் உங்கள பத்திப் பேசாத நாளே இல்ல. உங்க கடிதம் வந்தா அன்னிக்கு வேற வேலையே பாக்க மாட்டாரு" என்றான்.

"அவன் அப்படித்தான்" என்று ரூஃபஸ் குழைந்துபோனார். "இந்த ஊர்ல என்ன வேலையா வந்திருக்கீங்க தம்பி?"

"ஒரு சின்னக் கணக்குத் தீக்கணும் சார். நாளைக்கே முடிஞ்சிரும். ஆனா பாரம் கொஞ்சம் இருக்கும். உங்க வண்டியும் குதிரையும் கிடைச்சா ஆத்துத் துறை வரைக்கும் கொண்டு போயிருவேன்."

"இதுக்குப் போய் கேக்கணுமா?"

மறுநாள் காலை, ரூஃபஸின் குதிரைகள் பூட்டிய ரூஃபஸின் வண்டி வங்கி வாசலில் போய் நின்றது. கொஞ்ச நேரத்தில் கேஷியர் ஆள் அனுப்பினான். அவர் போய்ச் சேர்ந்தபோது கேஷியர் முகத்தில் ஈயாடவில்லை. மேசைமேல் கட்டுக் கட்டாக பெல்டன் நோட்டு. எதிரில் கைகளைக் கட்டிக்கொண்டு நைட்.

"வெள்ளி குடுங்கறாரு, வக்கீலய்யா. மொத்தத்துக்கும்." கேஷியர் அஞ்சு சென்ட் காசாக எண்ணிக்கொண்டிருந்தான், நேரத்தைக் கடத்த வேறு வழி தெரியவில்லை அவனுக்கு. "குடுக்காம இருக்க சட்டத்துல ஏதாச்சும் வழி இருக்கா?"

"இல்லை" என்றார் ரூஃபஸ். நோட்டின் முகத்திலேயே அச்சடித்திருக்கிறது, கேட்டால் தருவேன் என்று. தராவிட்டால் வங்கியின் உரிமை போகும். அவர் நைட்டின் பக்கம் திரும்பினார். "தம்பி, இவ்வளவு எதுக்கு ஒரே நாள்ல? பாதி எடுத்துக்குங்க. வங்கி தாங்காது."

"தாங்காதுன்னு தெரியும் சார்." பையன் மரியாதை குறையாமல்தான் சொன்னான். "நாலாயிரத்து எரநூறு. நீங்க எழுதின தொகைக்குத்தான் நோட்டுக் கொண்டாந்திருக்கேன். போன மாசம் நூத்திப் பத்து கொறஞ்சுதுன்னு எழுதியிருந்தீங்க, அதையும் கழிச்சுட்டோம்."

ரூஃபஸுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"என் கடிதத்த நீ படிச்சியா?"

"விட்லாக் சார்தான் வாசிச்சுக் காட்டினாரு. நாங்க நாலு பேரு கூட்டு. பெல்டன் நோட்டு அங்க அறுபது சென்ட்டுக்குக் கிடைக்குது சார், டாலருக்கு. நீங்க ஊரை அமைதியா வெச்சிருந்தீங்க, இல்லாட்டி இங்க வெள்ளியே மிஞ்சியிருக்காது. அவரு அடிக்கடி சொல்வாரு, ரூஃபஸ் இருக்கற வரைக்கும் பயமில்லன்னு."

முழு விலைக்கு வாங்குகிறார்கள் என்று எழுதியவன் அறுபதுக்கு வாங்கிக் குவித்திருக்கிறான். அந்தப் பொய்யை இருபத்தைந்து சென்ட் கொடுத்து வாங்கி, நல்ல குரலில் ஊருக்கு வாசித்தது யார்?  கஞ்சி ஊற்றிய அந்தக் கை. ஒரே கம்பளி. பிள்ளைக்குப் பெயர். அவர் கெட்ட வார்த்தை பேசத் தெரியாதவர். அன்று தெரிந்திருக்கலாம் என்று ஆசைப்பட்டார்.

மதியத்துக்கு மேல் வண்டி கிளம்பியது. வங்கிக் கதவு மூடியது. ஊர் முழுக்க வாசலில் நின்று பார்த்தது என்னவென்றால், வக்கீல் வீட்டில் விருந்து சாப்பிட்ட அந்நியன், வக்கீலின் வண்டியில், ஊரின் வெள்ளியை ஏற்றிக்கொண்டு போகிறான்.

அதன்பின் நடந்ததைச் சொல்ல வேண்டுமா? ஹைரம் ஐந்து டாலர் நோட்டைச் சுருட்டி, ரூஃபஸ் பார்க்கும்போது அதைக் கொளுத்திப் புகைக்குழாயைப் பற்ற வைத்தான். கடைக்காரர் ஃபீபிக்கு உப்புக் கொடுக்க மறுத்தார். "உங்க வீட்டுக்காரரு பங்கு வெள்ளி இருக்குமே, அத எடுத்துட்டு வாங்கம்மா" என்றார். ஃபீபி வீட்டுக்கு வந்து, "என்கிட்டயாவது உண்மைய சொல்லுங்க. பங்கு வாங்கினீங்களா?" என்று கேட்டாள். கூடப் படுக்கிறவளுக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

ரூஃபஸ் ஆம்ப்ரோஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். நண்பனே என்று ஆரம்பித்து அடித்தார். ஐயா என்று ஆரம்பித்து அதையும் அடித்தார். கடைசியில் பெயரில்லாமலே எழுதினார். 'என்னைக் கொண்டு என் ஊரை அறுத்தாய். ஏன்?' அவ்வளவுதான்.

செப்டம்பரில் பதில் வந்தது. தபித்தாவின் தவணைக்கு இன்னும் கொஞ்ச நாளே இருந்தது. அவள் நில ஆபீஸ் வரை நடந்து போய், நோட்டை நீட்டி, சிரிப்பை வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

ரூஃபஸ் விடுதியில் நுழைந்தார். ஓபெட் கடிதத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"உள்ள ரெண்டு தாளு. அம்பது சென்ட். பெல்டன் நோட்டு செல்லாது, வக்கீலய்யா. தபால் ஆபீஸ் உத்தரவு."

ரூஃபஸிடம் வெள்ளி இல்லை. பையைத் தடவினார், இருப்பதுபோல.

"என்னய்யா, அத்தன வெள்ளியும் செலவாயிருச்சா?" என்றான் ஹைரம். நாலு பேர் சிரித்தார்கள்.

மூலையிலிருந்து தபித்தா எழுந்து வந்தாள். இரண்டாக வெட்டிய ஸ்பானிய வெள்ளி டாலரின் பாதி, அதை ஓபெட் முன்னால் வைத்தாள். அவளிடம் மிச்சமிருந்த நல்ல காசு அதுவாகத்தான் இருக்கும்.

"குடுங்க அவருகிட்ட. வாசிக்கட்டும். காசு நான் குடுத்திருக்கேன், எனக்குக் கேக்கணும்."

ரூஃபஸ் முத்திரையை உடைத்தார். உள்ளேயிருந்து இரண்டாம் தாள் கீழே விழுந்தது. எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு முதல் தாளை வாசித்தார். குரல் பழைய குரல் இல்லை.

"'உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் உன் வங்கி எப்படியும் விழ இருந்தது. நாங்கள் வராவிட்டால் பால்டிமோரிலிருந்து வேறொருவன் வந்து அள்ளியிருப்பான். சட்டப்படி இதில் குற்றமில்லை என்று நீயே சொல்வாய். காலம் போனால் இதை நினைத்து இருவரும் சிரிப்போம்.'"

அடுத்து கோடு. இனி வருவது உனக்கு மட்டும்.

நிறுத்தினார். அவர் கண் கீழே ஓடியது. அந்தப் பத்தியை விட்டுவிட்டு 'இப்படிக்கு' என்று தாவினால் யாருக்கும் தெரியாது. கவிழ்த்து வைத்த தாளுக்கு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவருக்குள் வேறொன்று துடித்தது. இதையும் மறைக்காமல் வாசித்தால், நான் அவர்களோடு சேர்ந்தவன் இல்லை என்று இவர்கள் கண்ணாலேயே பார்ப்பார்கள். திருட்டில் பங்குள்ளவன் இதை வாய்விட்டு வாசிப்பானா?

"இன்னும் இருக்கு" என்றார். "இதுவரைக்கும் இருக்கறத மட்டும்தான் வாசிக்கச் சொல்றான். இதுக்குக் கீழ எனக்கு மட்டும்னு எழுதியிருக்கான். நான் உங்ககிட்ட எதையும் ஒளிக்கப் போறதில்ல. எல்லாத்தையும் கேளுங்க."

வாசித்தார். "'சின்சினாட்டியில் ஒரு வணிகர் பெயருக்கு முந்நூறு டாலர் சீட்டு வைத்திருக்கிறேன். காட்டினால் வெள்ளியாகவே தருவார். இது உன் பங்கு. உன் கடிதங்கள் இல்லாவிட்டால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஊரை நீ அடக்கி வைத்த அழகை இங்கே எல்லோரும் மெச்சுகிறார்கள். ஃபீபிக்கும் என் பெயர்கொண்ட குட்டிக்கும் என் அன்பு.'"

 ரூஃபஸ் கவிழ்த்து வைத்திருந்த சீட்டைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினார். "நான் கேக்கல. எனக்கு இது வேண்டாம். என்னையும்தான் ஏமாத்திட்டான். பதினாறு வருஷம் கூடப்பொறந்தவன் மாதிரி நம்பினேன்" என்றார். சொல்லும்போது நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

ஹைரம்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். நம்பிவிட்டார்கள். ரூஃபஸுக்கு அது தெரிந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு மூச்சு ஒழுங்காக வந்தது.

தபித்தா மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"வக்கீலய்யா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்கம்மா."

"எனக்கு மட்டும்னு இப்படி எழுதறது இந்தக் கடிதத்துல மட்டுமா? இல்ல, இதுக்கு முன்னாடி வந்ததுலயும் இருந்துச்சா?"

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அவரைக் காப்பாற்ற அந்த அறையே காத்திருந்தது.

"இருந்துச்சு" என்றார்.

"ஏப்ரல்ல நீங்க வாசிச்சீங்களே, அதுல?"

"அதுலயும்."

"அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

"பெட்டகத்துல வெள்ளி கொஞ்சம்தான்னு யாருக்கும் சொல்லாதேன்னு."

"அப்ப நான் முடிச்சோட வந்து நின்னப்ப, வெள்ளி இல்லன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். ஆனா அவன் சொன்னான் தபித்தாம்மா, டிசம்பர் வந்தா எல்லாம் சரியாயிரும்னு. அவன் ஏமாத்துவான்னு நான்..."

"அந்த ஆம்ப்ரோஸ நான் பாத்ததில்ல, வக்கீலய்யா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அவன் என் மூஞ்சிய பாத்து ஒண்ணும் சொல்லல. நீங்கதான் சொன்னீங்க."

ரூஃபஸ் கையிலிருந்த சீட்டை மேசைமேல் வைத்தார்.  

ஓபெட்டின் மைக்கூட்டை இழுத்து, சீட்டின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் நகர்த்தினார். "இந்தத் தொகைய உங்களுக்குக் குடுக்கச் சொல்லி எழுதியிருக்கேன். நிலத்துக்குக் கட்டுங்க."

"எனக்குத் தவணைக்கு வட்டியோட எம்பத்தாறு போதும். மிச்சத்த கொண்டாந்து இந்த மேசையில வெக்கிறேன், யாருக்கு என்ன போச்சோ எடுத்துக்கட்டும்." அவள் சீட்டை எடுத்தாள், முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை ரூஃபஸைத் தாண்டி ஓபெட்டிடம் நீட்டினாள்.

"அண்ணே, இதுல என்ன எழுதியிருக்குன்னு நீங்க ஒரு தடவ வாசிச்சுச் சொல்லுங்க."

ஓபெட்டுக்குப் படிப்பு அரைகுறை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை ஒவ்வொரு சொல்லின் கீழும் வைத்து, திக்கித் திக்கி, ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒன்று விடாமல் வாசித்தார்.  ரூஃபஸ் அடுப்போரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.